‘பார்த்துப் போ’ என்றால் எதைப் பார்த்து? ஹஸார்ட் என்ற சொல்லுக்கு ஒரு முழு வழிகாட்டி

வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், தண்ணீர் கொட்டிக் கிடக்கிறதா, பார்த்துப் போ. மாடிப்படிக் கைப்பிடி ஆடுகிறதா, பார்த்துப் போ. நூறடி ரோட்டில் பள்ளம் தோண்டிப் போட்டிருக்கிறார்களா, அதற்கும் பார்த்துப் போ. எங்கள் காரைக்குடிப் பக்கம் எல்லா ஆபத்துக்கும் இந்த ஒரே மருந்துதான். சொல்கிறவருக்கும் திருப்தி, கேட்கிறவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்தப் பழக்கத்தோடுதான் நான் 2008இல் சிங்கப்பூருக்குப் போய் ஒரு கப்பல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வாரம், காலை டூல்பாக்ஸ் மீட்டிங், வேலை தொடங்கும் முன் நடக்கிற பாதுகாப்புப் பேச்சு. கப்பலின் மேல்தளத்தில் வட்டமாக நிற்கிறோம். நடுவில் ஒரு பிளைவுட் பலகை கிடக்கிறது. சேஃப்டி ஆபீசர் அதைக் காட்டி, “வாட் ஈஸ் தி ஹஸார்ட் ஹியர்?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான், “வி மஸ்ட் வாக் கேர்ஃபுல்லி, சார்” என்றேன். “தட் ஈஸ் அட்வைஸ். ஐ ஆஸ்க்டு ஹஸார்ட்” என்றார். பக்கத்தில் நின்ற தேவகோட்டைக்காரர், “டேஞ்சர், சார்” என்றார். ஆபீசர் பதில் பேசாமல் பூட்ஸ் காலால் பலகையை ஓரமாகத் தள்ளினார். கீழே டாங்க் வரைக்கும் இருட்டாக ஒரு ஓட்டை, ஆள் முழுசாக உள்ளே போகிற அளவுக்கு. பலகையில் ஆணி கிடையாது, எழுத்து கிடையாது. “திஸ்” என்றார்.

அந்த ஓட்டைதான் ஹஸார்ட். நாங்கள் சொன்ன இரண்டு பதிலும் அதைத் தொடவே இல்லை. இப்போது ஊருக்கு வந்து, வெளிநாடு போகிற பையன்களுக்குச் சாயங்காலம் கொஞ்சம் இங்கிலீஷும் கொஞ்சம் சேஃப்டியும் சொல்லிக் கொடுக்கிறேன். பத்தில் எட்டுப் பேர் அதே பதிலைத்தான் சொல்கிறார்கள். அதனால்தான் இந்தச் சொல்லை ஆரம்பத்திலிருந்து பிரித்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

படி 1: முதலில் மூன்று கேள்வி

டிக்ஷனரியைத் திறந்தால் ஹஸார்ட், ரிஸ்க், டேஞ்சர் மூன்றுக்கும் ஆபத்து, அபாயம், இடர் என்று மாற்றி மாற்றிப் போட்டிருப்பார்கள். செய்தித்தாளிலும் ‘இடர்’ ஒரு நாள் ஹஸார்டுக்கு வரும், மறுநாள் ரிஸ்க்குக்கு வரும். அதை மனப்பாடம் செய்து பிரயோஜனம் இல்லை. தமிழில் வேறு ஒரு நல்ல கருவி இருக்கிறது, வேற்றுமை உருபு. கேள்வியை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

எதனால் ஆபத்து? இதற்கு வருகிற பதில் ஹஸார்ட். யாருக்கு, எவ்வளவு ஆபத்து? இதற்கு வருகிற பதில் ரிஸ்க். ஆபத்து எப்போது, இப்போதேவா? ‘ஆமாம், இப்போதே’ என்றால் அது டேஞ்சர்.

ஒரு கல்யாண வீட்டுப் பலகாரம் போடுகிற நாளை எடுத்துக்கொள்வோம். பள்ளத்தூரில் எங்கள் அப்பத்தா வீட்டில் இரண்டாம் கட்டில் விறகடுப்பு மூட்டி, அதன்மேல் பெரிய இருப்புச்சட்டியில் எண்ணெய் கொதிக்கும். மணகோலத்துக்கு மாவு பிழிந்துகொண்டு நாலு ஆச்சிமார் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கொதிக்கிற எண்ணெய் ஹஸார்ட். பக்கத்தில் யாருமே இல்லாவிட்டாலும் அது ஹஸார்ட்தான். வளவில் ஓடிப்பிடித்து விளையாடுகிற ஆறு பிள்ளைகளில் ஒன்று இந்தப் பக்கம் ஓடி வர எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது, வந்தால் என்ன ஆகும் என்று போடுகிற கணக்கு ரிஸ்க். ஒரு பிள்ளை நிஜமாகவே வந்து, சட்டியின் காதுக்குக் கையை நீட்டுகிறது பாருங்கள், அந்த நொடி டேஞ்சர்.

அப்பத்தாவிடம் ஒரு தடவை இதை விளக்கிவிட்டு, “இங்க ஹஸார்ட் எது, சொல்லுங்க பாப்போம்” என்று கேட்டேன். “நீதான்டா அப்பு. கொதிக்கிற சட்டிக்கும் நான் எந்திரிச்சு வர்ற வழிக்கும் நடுவுல நிக்கிறியே, நகரு” என்றார்கள். முழு மதிப்பெண் கொடுக்க வேண்டிய பதில். வழியை மறித்து நிற்கிற ஆளும் ஹஸார்ட்தான்.

தை மாதத்துச் சிராவயல் மஞ்சுவிரட்டையும் இதே மாதிரிப் பார்க்கலாம். காளை ஹஸார்ட். பொட்டலுக்குள் இறங்குகிற இளவட்டம் ரிஸ்க் எடுக்கிறான். அங்கே கட்டுமாடுகளைத் தொழுவுக்குக் கொண்டுபோகாமல் பொட்டலிலேயே அங்கங்கே அவிழ்த்துவிடுவார்கள் என்பதால், வேடிக்கை பார்க்க வந்தவனும் தெரியாமலே ரிஸ்க்கில்தான் நிற்கிறான். மாடு அவனைப் பார்த்துத் திரும்பியதும் டேஞ்சர். ரிஸ்க் ‘எடுக்க’ முடியும், டேஞ்சரை யாரும் எடுப்பதில்லை, அதில் மாட்டுகிறோம். இங்கிலீஷிலும் ‘டேக் எ ரிஸ்க்’ உண்டு, ‘டேக் எ டேஞ்சர்’ கிடையாது.

படி 2: வாயில் வரவழையுங்கள்

அழுத்தம் முதல் எழுத்தில். நாம் ‘ஹசாஆர்டு’ என்று நடுவில் இழுக்கிறோம், அது தப்பு. ‘ஹா’வுக்கும் ‘ஹே’வுக்கும் நடுவே ஓர் ஒலி, அப்புறம் வண்டு ரீங்காரம் மாதிரி ஒரு ‘ஸ’, கடைசியில் ‘ர்ட்’ லேசாக. எழுதும்போது ஒரே ஒரு இஸட். இரண்டு போட்டு எழுதுகிறவர்கள் நிறையப் பேர். இது போதும், மேலே போவோம்.

படி 3: சொல் எங்கிருந்து வந்தது

இதைப் படிக்காமல் தாண்டிவிடாதீர்கள். எந்தச் சொல்லோடு ‘இன்’ போடுவது, எதோடு ‘அட்’ போடுவது என்ற குழப்பம் இங்கேதான் தீரும்.

ஹஸார்ட் முதலில் ஒரு பகடை விளையாட்டின் பெயர். பழைய பிரெஞ்சிலிருந்து இங்கிலீஷுக்கு வந்தது. பகடையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து ஸ்பெயின் வழியாகப் பிரெஞ்சுக்குப் போனது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். நம் ஊர் வளவில் மத்தியானம் ஆச்சிமார் தாயக்கட்டையை உருட்டும்போது தாயம் விழுமா, வெட்டுப்படுமா என்று ஒரு நொடி எல்லாரும் மூச்சைப் பிடிப்பார்களே, அந்த நொடியின் பெயராக இருந்த சொல் அது. விளையாட்டுப் பெயர் மெதுவாக ‘எப்படி விழும் என்று தெரியாதது’ என்று மாறி, பிறகு ‘கேடு தரக்கூடியது’ என்று இறுகிவிட்டது. பழைய பொருள் இன்னும் இரண்டு இடத்தில் மிச்சம் இருக்கிறது. ‘ஹஸார்ட் எ கெஸ்’ என்றால் சரியாக இருக்குமோ இல்லையோ, துணிந்து ஒரு ஊகம் சொல்வது. ‘ஹேப்ஹஸார்ட்’ என்றால் தாறுமாறாக, ஏனோதானோவென்று செய்வது. இந்த இரண்டாவது சொல்லில் ‘ப்’, ‘ஹ’ இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். எழுத்தைப் பார்த்துவிட்டு ‘ஹஃபசார்டு’ என்று படிக்கிறவர்களை நேர்காணலிலேயே பார்த்திருக்கிறேன்.

டேஞ்சரின் கதை வேறு. லத்தீனில் எஜமானனைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்து, ஒரு பிரபுவின் அதிகாரம், அவர் பிடி என்ற பொருளில்தான் முதலில் இங்கிலீஷில் வழங்கியது. ஒருவருடைய டேஞ்சரில் இருக்கிறேன் என்றால் அவர் நினைத்தால் என்னை என்னவும் செய்யலாம் என்று பொருள். ஜமீன் காலத்தில் ‘அரண்மனைப் பிடியில் இருக்கிறான்’ என்று சொல்வது போல. அதனால்தான் இன்றும் ‘இன் டேஞ்சர்’. பிடிக்குள் இருக்கிறான், ஆகவே ‘இன்’. ரிஸ்க்கோ கடல் வியாபாரிகளின் வாயில் புழங்கிய சொல், சரக்கையும் முதலையும் பணயமாக வைப்பது. பணயத்தில் இருப்பதால் ‘அட் ரிஸ்க்’. வண்டி நிறுத்துகிற இடங்களில் ‘அட் யுவர் ஓன் ரிஸ்க்’ என்று போர்டு இருக்குமே, வண்டியைப் பணயம் வைப்பது நீங்கள், நஷ்டமும் உங்களுக்கே என்று அதற்கு அர்த்தம்.

வியாபாரிகள் பேச்சு வந்ததால் ஊர்க் கதை ஒன்று. இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று ஊரிலும் ஒரே நாளில் தொடங்கியது. கடல் தாண்டிய பணம், வெளிநாட்டு நோட்டு மாற்றுவது, எல்லாமே ரிஸ்க்கைக் கணக்குப் போட்டுச் செய்கிற தொழில். அதற்கு முன்பே பர்மாவில் நகரத்தார், அதாவது எங்கள் பக்கத்துச் செட்டியார்கள், கொடுத்த கடனுக்கு ஈடு நிலம். வாங்கியவன் கட்டாவிட்டால் நிலம் இருக்கிறது என்பது கணக்கு. 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் திரும்பாமல், தெற்குப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் அவர்கள் கையிலிருந்த நிலம் 1930இல் 6 சதவீதம் இருந்தது 1938க்குள் 25 சதவீதமாகிவிட்டது. கடன் ரிஸ்க்கைச் சரியாகத்தான் போட்டார்கள். 1942இல் ஜப்பானியப் படை வரும், பிறகு நிலமே அரசுடைமையாகும் என்பது யார் பேரேட்டிலும் எழுதப்படாத ஹஸார்ட். ஹஸார்டைப் பட்டியலில் எழுதாமல் விட்டால் ரிஸ்க் கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தும் உதவாது என்பதற்குப் பாடப்புத்தகத்தில் தேட வேண்டியதில்லை, பூட்டிக் கிடக்கும் எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளில் சிலவற்றிடம் கேட்டாலே போதும்.

படி 4: வாக்கியத்தில் போடுங்கள்

அதிகம் தப்பு நடப்பது இங்கேதான். என்னிடம் படித்த ஒரு தம்பி லீவு லெட்டரில் ‘மை கிராண்ட்ஃபாதர் ஈஸ் டேஞ்சரஸ்’ என்று எழுதிக்கொண்டு வந்தான். ஐயா ஆஸ்பத்திரியில் சீரியஸாக இருக்கிறார் என்பது அவன் சொல்ல வந்தது. படிக்கிறவருக்கோ, ஐயா அரிவாளோடு அலைகிறார் என்றுதான் தோன்றும். மறுபடியும் வேற்றுமை உருபுக்கு வாருங்கள். ஐயா‘வுக்கு’ ஆபத்து என்றால் ‘இன் டேஞ்சர்’. ஐயா‘வால்’ ஆபத்து என்றால் ‘டேஞ்சரஸ்’. ‘கு’வா ‘ஆல்’ஆ என்று ஒரு நொடி தமிழில் யோசித்துவிட்டு எழுதினால் இந்தத் தப்பு வாழ்நாளுக்கும் வராது.

ஹஸார்டஸ் என்பதும் ‘ஆல்’ பக்கம்தான். ஹஸார்டஸ் வேஸ்ட் என்றால் அந்தக் கழிவால் கேடு. மனிதனை ஹஸார்டஸ் என்று சாதாரணமாகச் சொல்வதில்லை. அது பொருள், இடம், வேலை, ரசாயனம் இவற்றுக்குத்தான் ஒட்டும். கோபக்கார மனுஷனை ‘டேஞ்சரான ஆளு’ என்று நாம் சொல்வது இங்கிலீஷிலும் அப்படியே சரி.

ரிஸ்க்கை வினையாகப் போட்டால் அடுத்து வருகிற வினையில் ‘இங்’ ஒட்ட வேண்டும். ‘டோன்ட் ரிஸ்க் கோயிங் தேர்’, ‘டு கோ’ இல்லை. எண்டேஞ்சர் என்றால் ஒருவரை ஆபத்துக்குள் தள்ளுவது. மற்ற இலக்கணம் எல்லாம் பழகப் பழக வந்துவிடும்.

தமிழில் எதைப் போடுவது என்று கேட்பீர்கள். ஆபத்தும் அபாயமும் டேஞ்சருக்குப் பொருந்தும், ரயிலில் ‘அபாயச் சங்கிலி’ என்று எழுதியிருப்பது நல்ல தமிழ். ஹஸார்டுக்கு நான் ‘கேடு’ அல்லது ‘கேடு தரும் பொருள்’ என்று சொல்லிவிடுவேன். ரிஸ்க்கை ரிஸ்க் என்றே விட்டுவிடுகிறேன், அதுவே தமிழாகி ரொம்ப நாளாயிற்று. நம் ஜோசியக்காரர்கள் ‘தண்ணியில கண்டம்’ என்பார்களே, அதில் ஹஸார்டும் இருக்கிறது, யாருக்கு என்பதும் இருக்கிறது, வயதுவரை சொல்லிவிடுகிறார்கள். ஊருணிப் படித்துறையில் பாசி இருக்கிறது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

படி 5: போர்டிலும் டப்பாவிலும் வருகிற சொற்கள்

மெஷின்களில், பட்டறைகளில் பெரும்பாலும் அமெரிக்க வழக்கம்தான். அதில் மூன்று படி. சிவப்பில் டேஞ்சர் என்று இருந்தால், தவிர்க்காவிட்டால் சாவு அல்லது பெரிய காயம் நிச்சயம். ஆரஞ்சில் வார்னிங் என்றால் சாவோ பெரிய காயமோ நேரலாம். மஞ்சளில் காஷன் என்றால் சின்ன அல்லது நடுத்தரக் காயம் நேரலாம். ‘நிச்சயம்’, ‘நேரலாம்’ என்ற வித்தியாசத்தைக் கவனியுங்கள். ரசாயன டப்பாக்களுக்கு உலக அளவில் உள்ள ஜிஹெச்எஸ் முறையில் டேஞ்சர், வார்னிங் என்று இரண்டே சொல், கூடவே சிவப்புக் கட்டம் போட்ட டைமண்டுக்குள் படம். படிக்கத் தெரியாதவருக்கும் புரியட்டும் என்றுதான் அந்தப் படம்.

இனிமேல்தான் வேடிக்கை. உரக்கடையில் பூச்சிமருந்து டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், சாய்சதுரம் ஒன்று இரண்டு முக்கோணமாகப் பிரிந்து, கீழ்ப் பாதியில் நிறம் இருக்கும். இந்தியச் சட்டப்படி அது நாலு நிறம். பிரகாசமான சிவப்பு என்றால் அதிபயங்கர விஷம், மண்டையோடும் பாய்சன் என்ற சொல்லும் இருக்கும். மஞ்சள் அதற்கு அடுத்தது, அதிலும் பாய்சன். மூன்றாவது நீலம், அதில்தான் டேஞ்சர் என்று எழுதியிருக்கும். நாலாவது பச்சை, காஷன். ஆக, மெஷினில் உச்சத்தில் நிற்கிற அதே டேஞ்சர் என்ற சொல் பூச்சிமருந்து டப்பாவில் மூன்றாவது இடத்துக்கு இறங்கிவிடுகிறது. சொல்லை மட்டும் படித்தால் ஏமாந்துபோவோம், எந்த ஏணியில் எந்தப் படி என்று பார்க்க வேண்டும். பச்சை முக்கோணத்தைப் பார்த்துவிட்டு ‘இது இயற்கை மருந்துண்ணே’ என்று ஒருவர் என்னிடமே சொன்னார். பச்சை என்றால் இருக்கிற நாலில் விஷம் குறைந்தது, அவ்வளவுதான். எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. விஷத்துக்கு ‘மருந்து’ என்று பெயர் வைத்து, ‘மருந்தடிக்கப் போறேன்’ என்று சொல்லிச் சொல்லி, ஹஸார்டைப் பெயரிலேயே மறைத்துவிட்டோம். காலி டப்பாவைக் கழுவித் தண்ணீர் பிடிக்கிறவரை அது கொண்டுவந்து விட்டிருக்கிறது.

டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் மண்டையோடும் ‘அபாயம், 11000 வோல்ட்’ என்றும் தகடு இருக்கும். அதை ‘இப்போது ஏதோ நடக்கிறது’ என்று யாரும் படிப்பதில்லை, தொட்டால் நடக்கும் என்று புரிந்துகொள்கிறோம். அதாவது டேஞ்சர் என்று எழுதியிருந்தாலும் அது சொல்வது ஹஸார்டை. ரயில்வேயில் இன்னொரு வழக்கம். சிக்னல் ‘அட் டேஞ்சர்’ என்றால் சிவப்பு விழுந்திருக்கிறது, நில், அவ்வளவுதான். காரைக்குடி ஜங்ஷனில் தினமும் எத்தனையோ தடவை சிக்னல் டேஞ்சரில் இருக்கும், யாரும் பதறுவதில்லை. அதைத் தாண்டிப் போனால்தான் பதற வேண்டும். ‘சிக்னல் பாஸ்டு அட் டேஞ்சர்’ என்று செய்தியில் வருவது அதைத்தான்.

வீட்டுக்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். கழிப்பறை கழுவுகிற ஆசிட் ஒரு ஹஸார்ட், பிளீச்சிங் பவுடர் இன்னொரு ஹஸார்ட். தனித்தனி அலமாரியில் இரண்டும் சும்மா இருக்கும். ‘ரெண்டையும் சேத்துப் போட்டா நல்லா வெளுக்கும்’ என்று யாராவது கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், கதவு சாத்திய குளியலறையில் அது நேராக டேஞ்சர். கலக்கவே கலக்காதீர்கள். அதேபோல் கேஸ் வாசனை அடித்தால் லைட் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடிவிட்டு, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906க்குப் போன் போடுங்கள். கேஸுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. ஹஸார்டை மூக்குக்குக் காட்டிக்கொடுக்கத்தான் அந்த நாற்றத்தைச் சேர்க்கிறார்கள்.

படி 6: காரில் இருக்கிற ஹஸார்ட் லைட்

சிவப்பு முக்கோணம் போட்ட பட்டன். நாலு இண்டிகேட்டரும் ஒன்றாக மினுக்கும். ‘நான் இங்கே வழியில் நிற்கிறேன், நானே ஒரு ஹஸார்ட்’ என்று வண்டி மற்றவர்களுக்குச் சொல்கிறது. வண்டி பழுதாகி ஓரத்தில் நின்றால், விபத்தில் நின்றால், அப்போது போட வேண்டியது. நம் ஊரிலோ நாலு ரோட்டுச் சந்திப்பில் நேராகப் போவதற்கு இதைப் போடுகிறார்கள். ஒருமுறை பெரியார் சிலைப் பக்கம் இப்படி ஒருவர் வந்தார். நான் அவருக்கு இடப்பக்கத்திலிருந்து வருகிறேன். என் கண்ணுக்குத் தெரிவது அவர் வண்டியின் இடது விளக்கு மட்டும், வலது விளக்கை ஒரு மினிபஸ் மறைத்துவிட்டது. இடப்பக்கம் திரும்பப்போகிறார் என்று நான் வண்டியை விட்டேன், அவர் நேராக வந்துவிட்டார். என் பம்பர் போனது, அவர் ஹெட்லைட் போனது. “நாலும் போட்டேனேண்ணே, பாக்கலையா?” என்றார். நேராகப் போவதற்கு எந்த விளக்கும் வேண்டாம். மழையில் ஓடும்போதும் வேண்டாம், ஹஸார்ட் லைட் மினுக்கிக்கொண்டிருக்கும்போது நீங்கள் லேன் மாறப்போவது பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது.

படி 7: எண் போட்டுப் பாருங்கள்

சிங்கப்பூரில் 2006லிருந்து வேலை இடத்தில் ரிஸ்க் அசெஸ்மென்ட் செய்வது சட்டப்படி கட்டாயம். தாளில் முதல் கட்டம் ஹஸார்ட். அப்புறம் நடக்கிற வாய்ப்புக்கு 1 முதல் 5, நடந்தால் வரும் பாதிப்புக்கு 1 முதல் 5. பெருக்கினால் ரிஸ்க். 3 வரை குறைவு, 4 முதல் 12 வரை நடுத்தரம், 15 முதல் 25 வரை அதிகம், வேலையைத் தொடங்கவே கூடாது.

இதை எங்கள் வீட்டு முகப்பில் போட்டுப் பார்ப்போம். ஆத்தங்குடிக் கல் தரை. கண்ணாடி மேல் வார்த்து எடுப்பதால் இயல்பாகவே வழவழப்பு, போதாததற்குப் பளபளப்பு வேண்டும் என்று தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைக்கிற பழக்கம் வேறு. அதில் தண்ணீர் சிந்திவிட்டது. ஹஸார்ட், ஈரமான வழுக்குத் தரை. பன்னிரண்டு வயதுப் பையன் போனால் வழுக்கும் வாய்ப்பு 3, பாதிப்பு 1, எழுந்து சிரித்துக்கொண்டே ஓடுவான். ரிஸ்க் 3. எண்பது வயது அப்பத்தா போனால் வாய்ப்பு 4, இடுப்பெலும்பு முறிந்தால் பாதிப்பு 4. ரிஸ்க் 16. அதே தரை, அதே ஈரம். ஹஸார்ட் மாறவில்லை, ரிஸ்க் ஐந்து மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. இரண்டு சொல்லும் ஏன் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று கேட்கிற பையன்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் காட்டுவது.

கணக்குப் போட்ட பிறகு என்ன செய்வது? அதற்கும் ஐந்து படி ஏணி உண்டு, மேலிருந்து கீழாக வர வேண்டும். ஹஸார்டையே இல்லாமல் ஆக்கு, முடியாவிட்டால் குறைந்த கேடுள்ளதாக மாற்று, முடியாவிட்டால் தடுப்பு போட்டு ஆளையும் அதையும் பிரி, அதுவும் முடியாவிட்டால் விதி போட்டு எச்சரி, கடைசியாக ஹெல்மெட், கையுறை. அந்த எண்ணெய்ச் சட்டிக்குச் சொன்னால், பலகாரத்தை வெளியே சொல்லி வாங்கிவிடுவது முதல் படி, அப்பத்தா ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டாம் கட்டுக்குப் போகும் நிலைக்கதவைச் சாத்தி ஒரு பெஞ்சைக் குறுக்கே போடுவது மூன்றாவது, இது சுலபம், ஒரு பைசா செலவில்லை. ‘பார்த்துப் போ’ நாலாவது படி. நாம் எடுத்த எடுப்பில் நாலாவதிலிருந்துதான் ஆரம்பிக்கிறோம்.

படி 8: கூட்டுச் சொற்கள்

ஃபயர் ஹஸார்ட், ஹெல்த் ஹஸார்ட், டிரிப் ஹஸார்ட் எல்லாம் பார்த்ததும் புரியும். கடைசியில் வருகிற டிரிப் ‘தடுக்கி விழுவது’, ஊட்டி டிரிப் இல்லை. பொம்மை டப்பாவில் சோக்கிங் ஹஸார்ட் என்று இருந்தால், சின்னப் பாகம் குழந்தையின் தொண்டையில் அடைக்கும் என்று பொருள், மூன்று வயதுக்குக் கீழே கொடுக்காதீர்கள். ஆக்குபேஷனல் ஹஸார்ட் என்றால் தொழிலோடு ஒட்டி வருகிற கேடு, வெல்டருக்குக் கண், கல் உடைப்பவருக்கு நுரையீரல். கிண்டலாகவும் சொல்வார்கள், சமையல்காரருக்குத் தொப்பை ஆக்குபேஷனல் ஹஸார்ட் என்று. பயோஹஸார்டுக்கு இருக்கும் மூன்று கொம்புச் சின்னம் 1966இல் அமெரிக்காவின் டௌ கெமிக்கலில் உருவானது. பார்த்தால் ஒன்றும் ஞாபகம் வராத, ஆனால் பார்த்தபின் மறக்காத வடிவம் வேண்டும் என்று தேடிச் செய்ததாம். ஆஸ்பத்திரியில் மஞ்சள் பையில் இருக்கும்.

மாரல் ஹஸார்டை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஒழுக்கக் கேடு என்று மொழிபெயர்க்கிறார்கள், படிக்கிறவர் வேறு எதையோ நினைத்துக்கொள்கிறார். நஷ்டம் வந்தால் வேறொருவர் தலையில் விழும் என்று தெரிந்தால் நமக்கு ஜாக்கிரதை குறைந்துவிடும், அதுதான் மாரல் ஹஸார்ட். இன்ஷூரன்ஸ் போட்ட பிறகு வண்டியைப் பூட்டாமல் நிறுத்துவது, அம்மான் ஜாமீன் போட்டிருக்கிறார் என்று தவணையை இழுத்தடிப்பது. இதற்கு மருந்தும் நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. கடல் கடந்த கடைக்கு முதலாளி அனுப்புகிற ஏஜெண்டுக்கு மூன்று வருடத் தவணை, சம்பளத்தோடு லாபத்திலும் ஒரு பங்கு. அவனுக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். போட்ட பணம் முதலாளியுடையது, ஆனால் லாபம் குறைந்தால் ஏஜெண்டின் பையிலும் குறையும். இங்கிலீஷில் சொல் தெரியாமலே அதைக் கட்டிப்போட்டு வைத்திருந்தார்கள்.

படி 9: வீட்டுப்பாடம்

ஒரு தாளை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டை ஒரு சுற்று சுற்றி ஐந்து ஹஸார்ட் எழுதுங்கள். விதி ஒன்றுதான். ‘பார்த்து’, ‘கவனமாக’, ‘ஜாக்கிரதை’ என்ற மூன்று சொல்லும் வரக்கூடாது. பெயர்ச்சொல்லாக, கையால் சுட்டிக்காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். ‘மூடியில்லாத சுவிட்ச் போர்டு’ சரி. ‘கரண்டு ஆபத்து’ தப்பு. ‘மூன்றாவது படியில் பெயர்ந்த கல்’ ரொம்பச் சரி.

அப்புறம் ஒன்று, மறந்தே போனேன். டேங்கர் லாரி பின்னால் போகும்போது ஒரு லாரியில் ‘ஃபிளேமபிள்’ என்றும் இன்னொன்றில் ‘இன்ஃபிளேமபிள்’ என்றும் எழுதியிருக்கும். ‘இன்’ வந்தால் எதிர்ப்பதம் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்து, இரண்டாவது லாரி தீப்பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றே, எளிதில் தீப்பற்றும். சந்தேகம் இருந்தால் பக்கத்தில் உள்ள பலகையில் எண்ணைப் பாருங்கள், 1203 என்றால் பெட்ரோல், 1075 என்றால் சமையல் கேஸ். பீடியை அணைத்துவிட்டு ஓவர்டேக் பண்ணுங்கள்.